உமட்டிலா: சர்க்கரை மட்டும் போதுமா, பாக்டீரியாவும் வேண்டுமா?

நிலத்தடி நீரில் கலந்த வெடிமருந்தை நிலத்துக்குள்ளேயே அழிக்கச் சர்க்கரை மட்டும் ஊற்றினால் போதுமா, பாக்டீரியாவையும் சேர்க்க வேண்டுமா என்று சோதித்துப் பார்த்த இடம் உமட்டிலா. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஹெர்மிஸ்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் உமட்டிலா ராணுவக் கிடங்கு இருந்தது. திறந்த ஆண்டு 1941. 2004 முதல் 2011 வரை நச்சு ஆயுதங்களை இங்கே எரித்து அழித்தார்கள். கிடங்கின் பெயர் வெளியே தெரிந்தது அதனால்தான். ஆனால் அங்குள்ள நிலத்தடி நீர் கெட்டதற்கும் அந்த ஆயுதங்களுக்கும் தொடர்பில்லை. 1950களில் தொடங்கி 1965 வரை கிடங்குக்குள் ஒரு கழுவுகூடம் ஓடியது. பழைய குண்டுகளைத் திறந்து, உள்ளே வார்த்திருந்த வெடிமருந்தைச் சுடுநீர் பாய்ச்சி வெளியே எடுப்பதுதான் அங்கே வேலை. டி.என்.டி. 80 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதோடு கலந்திருக்கும் ஆர்.டி.எக்ஸ். துகளாகவே வரும். மருந்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீரை, அடியில் எந்தப் பூச்சும் இல்லாத இரண்டு குட்டைகளில் விட்டார்கள். மொத்தம் சுமார் 8.5 கோடி கேலன், அதாவது 32 கோடி லிட்டர். கீழே இருப்பதோ மணலும் சரளையும். குட்டை வற்றிக்கொண்டே இருந்ததால், தண்ணீர் போகும் இடம் பற்றி யாரும் தலையைச் சொறியவில்லை.

1987இல் இந்தக் குட்டைகள், துப்புரவு செய்ய வேண்டிய நச்சுத் தளங்களுக்கான அமெரிக்க அரசின் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் ஏறின.

மண்ணில் இருந்ததைச் சரிசெய்த விதத்தை முதலில் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது எளிதாக முடிந்தது. குட்டை மண்ணைத் தோண்டி எடுத்து, குப்பை எருபோல் மக்கவைத்தார்கள். கலவையில் மண் 30 விழுக்காடு, மாட்டெரு 21, குதிரைமசால் 18, மரத்தூள் 18, உருளைக்கிழங்குக் கழிவு 10, கோழியெரு 3. நீளமான குவியலாகக் கொட்டி இயந்திரத்தால் புரட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே சூடேறும். 40 நாள் சோதனையில் கிலோ மண்ணுக்குச் சுமார் 1,600 மில்லிகிராமாக இருந்த டி.என்.டி. ஏறத்தாழ 4 மில்லிகிராமுக்கு இறங்கியது. இலக்கு 30தான். உருளைக்கிழங்கு ஏன் என்று கேட்டால், அந்த வட்டாரத்தில் அது மலிந்து கிடக்கிறது என்பதே பதில். சூத்திரத்தில் மந்திரம் எதுவும் இல்லை. எளிதில் செரிக்கும் மாவும், நைட்ரஜனும், காற்றோட்டத்துக்குப் பஞ்சுபோன்ற பொருளும் வேண்டும், அவ்வளவுதான்.

நிலத்தடி நீருக்கு இந்த வழி கிடையாது. தோண்டி எடுத்துப் புரட்ட முடியாது.

இரண்டு வெடிமருந்து, இரண்டு குணம்

டி.என்.டி.யும் ஆர்.டி.எக்ஸும் ஒரே குட்டையில் இறங்கினாலும் நிலத்தடியில் ஒன்றாகப் பயணிப்பதில்லை. டி.என்.டி. வளையத்தில் உள்ள நைட்ரோ தொகுதிகள் மண்ணில் இருக்கும் எந்தப் பாக்டீரியாவிடமிருந்தும் எலக்ட்ரானை வாங்கி அமினோவாக மாறும். அப்படி உருவாகும் அமினோ-டைநைட்ரோ-டொலுயீன்கள் களிமண்ணோடும் மட்கோடும் ஒட்டிக்கொள்ளும். இது முழுச் சிதைவு இல்லை என்றாலும் நகர்வு குறைகிறது.

ஆர்.டி.எக்ஸ். அப்படி இல்லை. அறை வெப்பத்தில் லிட்டருக்குச் சுமார் 40 முதல் 60 மில்லிகிராம்தான் கரையும். ஆனால் கரைந்தது எதிலும் ஒட்டாது. ஆக்சிஜன் உள்ள நீர்த்தாங்கியில் அதைத் தொடும் பாக்டீரியா மிகக் குறைவு. ஆகவே தண்ணீர் போகும் வேகத்திலேயே அதுவும் போகும். குடிநீரில் ஆர்.டி.எக்ஸுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் வாழ்நாள் அறிவுரை அளவு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். உமட்டிலாவின் துப்புரவு இலக்கு 2.1. கரையும் அளவுக்கும் இந்த இலக்குக்கும் இடையே இருபதாயிரம் மடங்கு தூரம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், குட்டையடி மண்ணில் ஒட்டிய சிறு துகள்கூட எத்தனை ஆண்டுக்குத் தலைவலி தரும் என்று புரியும்.

1997 முதல் நீரை இறைத்து, கிளர்வூட்டிய கரித் தொட்டிகள் வழியாக விட்டு, மீண்டும் நிலத்துக்குள் இறக்கினார்கள். வீட்டு வடிகட்டியில் இருக்கும் அதே வகைக் கரிதான், அளவு மட்டும் தொட்டிக் கணக்கில். கரி டி.என்.டி.யை இறுகப் பிடிக்கும், ஆர்.டி.எக்ஸை அவ்வளவு பிடிக்காது, அதுதான் முதலில் கசிந்து வெளியே வரும். இறைத்துச் சுத்திகரிப்பதில் எல்லா இடத்திலும் வரும் நோய் இங்கும் வந்தது. முதல் ஆண்டுகளில் செறிவு மளமளவென்று இறங்கும். பிறகு வால்போல் நீண்டு படுத்துக்கொள்ளும். மின்கட்டணமும் கரிச்செலவும் மட்டும் குறையாது. நிலத்துக்குள்ளேயே நுண்ணுயிர் வேலையை முடிக்குமா என்ற கேள்வி இங்கிருந்துதான் எழுகிறது.

இரண்டு பாதைகள்

ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ஆர்.டி.எக்ஸின் நைட்ரோ தொகுதிகள் ஒவ்வொன்றாக நைட்ரோசோவாகக் குறையும்: ஒன்று மாறிய எம்என்எக்ஸ், இரண்டு மாறிய டிஎன்எக்ஸ், அதற்குப் பின் மூன்றும் மாறிய ட்ரைநைட்ரோசோ சேர்மம். வழியில் எங்காவது வளையம் நிலைகுலைந்து உடையும். இதற்குத் தனிப்பட்ட பாக்டீரியா தேவையில்லை. ஊர்ப் பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டால் போதும். நைட்ரோசோ சேர்மங்கள் தேங்கி நின்றுவிட்டால் வேலை பாதியில் நிற்கிறது என்று பொருள்; அவையும் நல்ல பொருட்கள் அல்ல.

ஆக்சிஜன் உள்ள இடத்தில் வேறு பாதை. எக்ஸ்பிஎல்ஏ என்ற சைட்டோகுரோம் பி450 நொதி, ஆர்.டி.எக்ஸிலிருந்து இரண்டு நைட்ரைட்டைப் பிடுங்குகிறது. அதன் பிறகு வளையம் தானாகவே நீரில் உடைந்து ஃபார்மால்டிகைடும், என்டிஏபி எனப்படும் 4-நைட்ரோ-2,4-டையசாபியூட்டனாலும் மிஞ்சுகின்றன. இந்த நொதிக்கான மரபணுவை இங்கிலாந்தில் நீல் புரூஸ் குழுவினர் ரோடோகாக்கஸ் 11ஒய் என்ற பாக்டீரியாவில் விவரித்தார்கள். ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் எக்ஸ்பிஎல்ஏ வேலைநிறுத்தம் செய்வதில்லை. அப்போது என்டிஏபிக்குப் பதில் மெடினா என்ற சேர்மம் வரும். இந்த நெகிழ்வு பின்னால் உமட்டிலாவில் பயன்பட்டது.

உமட்டிலாவில் சோதித்த கோர்டோனியா கேடிஆர்9 என்ற பாக்டீரியாவில் எக்ஸ்பிஎல்ஏ மரபணு குரோமோசோமில் இல்லை, அதற்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ. துண்டில், அதாவது பிஜிகேடி2 என்ற பெரிய பிளாஸ்மிடில் இருக்கிறது. அது ஆர்.டி.எக்ஸைத் தின்பது வயிற்றுக்காக அல்ல, நைட்ரஜனுக்காக. எளிய நைட்ரஜன் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தால் எக்ஸ்பிஎல்ஏ மரபணு முழு வீச்சில் இயங்காது. நைட்ரஜன் பற்றாக்குறைதான் அதைத் தட்டி எழுப்பும் சாவி. உமட்டிலா அமைந்திருக்கும் கீழ் உமட்டிலா படுகையோ, நைட்ரேட் கலப்புக்காகவே 1990இல் ஓரிகன் மாநிலம் தனி நிலத்தடி நீர் மேலாண்மைப் பகுதியாக அறிவித்த இடம். வயல், மாட்டுப்பண்ணை, உணவுத் தொழிற்சாலைக் கழிவுநீர் எல்லாம் சேர்ந்த விளைவு. வெடிமருந்தைத் தின்ன வந்த பாக்டீரியாவுக்கு வாசலிலேயே வேறு நைட்ரஜன் வைத்திருக்கிறார்கள்.

களத்தில் செய்தது

அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையும் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் பிற ஆய்வாளர்களும் சேர்ந்து 2010களில் சோதனைகளை வரிசையாக நடத்தினார்கள். மேண்டி மிக்கல்சன், ஜொனாதன் இஸ்டாக், ஃபியோனா குரோக்கர் ஆகியோர் பெயரில் முடிவுகள் வெளியாகியிருக்கின்றன. வரிசையே கவனிக்கத்தக்கது: முதலில் பாக்டீரியா நகருமா என்று பார்த்தார்கள், தின்னுமா என்று பிறகுதான் பார்த்தார்கள். பல இடங்களில் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து பணத்தை மண்ணுக்குள் புதைத்திருக்கிறார்கள்.

நகர்வுச் சோதனை இப்படி. ஒரு கிணற்றில் பாக்டீரியாவும், நீர் போகும் வழியைக் காட்டும் குளோரைடு அல்லது புரோமைடு தடங்காட்டியும் கலந்த தளத்து நீரைச் செலுத்துவது. இறைப்பின் மூலம் ஒரு பக்கமாக ஓட்டத்தை உண்டாக்குவது. இடையில் உள்ள கண்காணிப்புக் கிணறுகளில் மரபணு எண்ணிக்கையை கியூபிசிஆர் முறையில் அளப்பது. முதல் சோதனையில் கேடிஆர்9, அதே பிளாஸ்மிடை ஏற்றிய ரோடோகாக்கஸ் ஆர்ஹெச்ஏ1, சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் ஐ-சி ஆகிய மூன்றையும் கலந்தார்கள். செலுத்திய 2 மணி நேரத்தில் குறைந்தது 3 மீட்டர் தள்ளி அவை தெரிந்தன. அடுத்ததில் இயற்கையான கேடிஆர்9 மட்டும். 3 நாளில் 23 மீட்டர் வரை போயிருந்தது. சரளை நிலத்துக்கு இது வியப்பில்லை. நுண்மணலிலோ வண்டலிலோ இதே எண்ணை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இங்கே ஒரு நுணுக்கம். கோர்டோனியா, ரோடோகாக்கஸ் வகைகளின் செல்சுவரில் மைக்கோலிக் அமிலம் உண்டு; எண்ணெய்ப்பசை போன்ற மேற்பரப்பு. தண்ணீரில் விட்டால் கட்டிகட்டியாகத் திரளும். திரண்ட கட்டி கிணற்றின் வடிகுழாய்த் துளைகளிலேயே சிக்கிக்கொள்ளும். பாக்டீரியாவை வளர்க்கும் நொதிகலனிலிருந்து வந்த குழம்பை அப்படியே ஊற்றாமல், சிறிதளவு தளத்து நீரில் நன்றாகக் கலக்கி, நுண்ணோக்கியில் ஒரு துளி வைத்து, தனிச்செல்களாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் பெரிய தொட்டியில் சேர்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. தவறவிட்டால் ஒரு கிணறு போகும்.

அடுத்து வந்தது ஒற்றைக் கிணற்றில் செலுத்தி எடுக்கும் சோதனை, அதாவது நீரைச் செலுத்திய கிணற்றிலிருந்தே மாதிரி எடுத்துப் பார்ப்பது. இதுதான் இந்த ஆய்வின் இதயம். ஒவ்வொரு முறையும் தளத்து நீர் 6,000 லிட்டரைத் தொட்டியில் எடுத்தார்கள். மூன்று விதமாகக் கலந்து செலுத்தினார்கள்:

ஒன்று, மில்லிலிட்டருக்கு 10 கோடி கேடிஆர்9 செல்களும், லிட்டருக்கு 1 மில்லிமோலுக்கும் குறைவான ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரையும். இரண்டு, செல் இல்லாமல் அதே குறைந்த ஃபிரக்டோஸ். மூன்று, செல் இல்லாமல் லிட்டருக்கு 15 மில்லிமோலுக்கு மேல் ஃபிரக்டோஸ்.

முடிவு: பாக்டீரியா சேர்த்த கிணறுகளில் ஆர்.டி.எக்ஸின் சிதைவு மாறிலி (எண் கூடினால் சிதைவு வேகம் கூடும்) சராசரியாக நாளுக்கு 1.2. நிறையச் சர்க்கரை ஊற்றிய கிணறுகளில் 0.7. குறைந்த சர்க்கரை மட்டும் கொடுத்த கிணறுகளில் பூச்சியத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத அளவு. அரை ஆயுட்காலமாக மாற்றினால், முதலாவதில் 14 மணி நேரம், மூன்றாவதில் ஒரு முழு நாள்.

இரண்டாவது கிணறுதான் இந்த ஆய்வுக்கு மதிப்பைக் கொடுக்கிறது. அது இல்லையென்றால், முதல் கிணற்றில் வேலை செய்தது கேடிஆர்9ஆ அல்லது கூடவே போன சர்க்கரையா என்று யாரும் சொல்ல முடியாது. கட்டுப்பாட்டுக் கிணறு இல்லாத களச் சோதனை அறிக்கைகள் நிறையவே உலவுகின்றன. அவற்றில் ‘உயிரியல் சேர்ப்பு வெற்றி’ என்று படித்தால் இந்த இடத்தை முதலில் தேடுங்கள்.

எண்ணைப் படிக்கும் முறை

செலுத்திய நீரோடு சுற்றியுள்ள நீர் கலந்துகொண்டே இருக்கும். ஆகவே ஆர்.டி.எக்ஸ். குறைந்தது என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது, நீர்த்துப்போனாலும் குறையும். அதைப் பிரித்தறியத்தான் புரோமைடு. அது ஒட்டாது, சிதையாது, இயற்கை நீரில் மிகக் குறைவு. லிட்டருக்கு 100 மில்லிகிராம் புரோமைடு வேண்டுமென்றால் 6,000 லிட்டருக்குப் பொட்டாசியம் புரோமைடு சுமார் 0.9 கிலோ. இதைவிடப் பல மடங்கு கூட்டினால் கரைசல் கனத்து அடியில் இறங்கிவிடும். பிறகு மேலே எடுக்கும் மாதிரி பொய் சொல்லும்.

ஒரு மாதிரிக் கணக்கு. செலுத்தியபோது ஆர்.டி.எக்ஸ். லிட்டருக்கு 300 மைக்ரோகிராம், புரோமைடு 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் கழித்து ஆர்.டி.எக்ஸ். 63, புரோமைடு 70. அவசரக்காரர் 63ஐ 300ஆல் வகுத்து, மடக்கை எடுத்து, நாளுக்கு 1.56 என்பார். ஆனால் புரோமைடு 70க்கு வந்ததே, அந்த 30 விழுக்காடு கலப்பால் வந்த குறைவு. சரியான விகிதம் 0.21ஐ 0.70ஆல் வகுத்தது, அதாவது 0.30. மாறிலி 1.2.

அதோடும் முடியவில்லை. கலந்த 30 விழுக்காடு வெளிநீரில் ஆர்.டி.எக்ஸ். ஏற்கெனவே 50 இருந்தால், அது 15 மைக்ரோகிராமைக் கொண்டுவந்திருக்கும். அதைக் கழித்தால் மிஞ்சியது 48. மாறிலி ஏறத்தாழ 1.5 ஆகிறது. வெளியிலிருந்து வந்ததும் உள்ளே சிதைந்திருக்கலாம் என்பதால், உண்மை 1.2க்கும் 1.5க்கும் நடுவில் எங்கோ இருக்கும். இப்படி இரண்டு எல்லைகளைக் கொடுப்பதே நேர்மை. மூன்று தசம இடத்துக்கு மாறிலி எழுதுபவர்களை நம்பாதீர்கள்.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். ஆர்.டி.எக்ஸும் டி.என்.டி.யும் வெளிச்சத்தில் சிதையும். அம்பர் நிறக் கண்ணாடிப் புட்டி, பனிக்கட்டிப் பெட்டி, 4 டிகிரி. புட்டிக்குள் பாக்டீரியாவும் கூடவே வருகிறது, அது வழியெல்லாம் தின்றுகொண்டே வரும். வடிகட்டாமல் ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரி, களத்து நிலையைச் சொல்லாது, லாரிப் பயணத்தின் நிலையைத்தான் சொல்லும். பகுப்பாய்வு வழக்கமாகச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 8330 வரிசை முறையில், சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில். நைட்ரோசோ சேர்மங்களைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் பல ஆய்வகங்கள் அறிக்கையில் சேர்ப்பதில்லை.

சிதைந்ததற்கான சான்று தேடி நைட்ரைட்டை அளப்பது பலர் செய்யும் தவறு. 300 மைக்ரோகிராம் ஆர்.டி.எக்ஸ். என்பது 1.35 மைக்ரோமோல். இரண்டு நைட்ரைட் வெளிவந்தாலும் நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 38 மைக்ரோகிராம்தான். நைட்ரேட் மில்லிகிராம் கணக்கில் இருக்கும் நீரில், அதிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் நைட்ரைட்டுக்கு நடுவே இந்த 38 காணாமல் போய்விடும். என்டிஏபி தேடுவதுதான் வழி. முழுதும் மாறினால் லிட்டருக்கு 160 மைக்ரோகிராம் வரை கிடைக்கும். ஆனால் அது நீரில் மிக நன்றாகக் கரையும் சிறு மூலக்கூறு. வழக்கமான செறிவூட்டும் வடிபொறிகள் அதை நழுவவிடும். தனி முறை வைத்திருக்கும் ஆய்வகம் வேண்டும்.

சர்க்கரையின் கணக்கு

6,000 லிட்டருக்கு, லிட்டருக்கு 1 மில்லிமோல் வீதம் ஃபிரக்டோஸ் என்றால் 1.08 கிலோ. 15 மில்லிமோல் என்றால் 16 கிலோவுக்கு மேல். உமட்டிலா ஆய்வு, பாக்டீரியா சேர்த்தால் அதே விளைவுக்கு ஏறத்தாழ 97 விழுக்காடு குறைவான ஃபிரக்டோஸ் போதும் என்று முடிவுக்கு வந்தது.

சர்க்கரை எங்கே போகிறது? ஒரு ஃபிரக்டோஸ் மூலக்கூறு 24 எலக்ட்ரான் தரும். லிட்டருக்கு 8 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜனைத் தீர்க்க 7.5 மில்லிகிராம் ஃபிரக்டோஸ் போதும். நைட்ரேட்-நைட்ரஜன் 10 மில்லிகிராமைத் தீர்க்க இன்னொரு 27. மொத்தம் லிட்டருக்கு 35 மில்லிகிராம் சுற்றி. 15 மில்லிமோல் என்பது 2,700. மிச்சமெல்லாம் புது செல்களாகவும், புளித்த அமிலங்களாகவும், மண்ணில் உள்ள இரும்பையும் மாங்கனீசையும் சல்பேட்டையும் குறைப்பதிலும் செலவாகிறது. ஆர்.டி.எக்ஸுக்குப் போகும் பங்கு கண்ணுக்கே தெரியாது. யானைக்குப் போடும் கவளத்தில் எறும்புக்குச் சிந்துவதுபோலத்தான்.

அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 8 மில்லிகிராம் ஆக்சிஜனால் 0.04 மில்லிமோல் ஃபிரக்டோஸைத்தான் எரிக்க முடியும். ஆகவே ‘குறைந்த சர்க்கரை’ கிணற்றிலும், செல்கள் சுறுசுறுப்பாக இருந்தால், ஆக்சிஜன் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். ‘ஆக்சிஜன் உள்ள முறை’ என்று பெயரிட்டதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள வேண்டாம். எக்ஸ்பிஎல்ஏ இரண்டு நிலையிலும் இயங்குவதால் தப்பித்தோம்.

நிறையச் சர்க்கரை ஊற்றுவதில் செலவு முக்கியப் பிரச்சினை அல்ல. அழுகிய முட்டை வாடை, அதாவது ஹைட்ரஜன் சல்பைடு; மீத்தேன்; கரைந்த இரும்பும் மாங்கனீசும், அவற்றோடு பாறையில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும். இந்த நீர் ஓடி இறைப்புக் கிணற்றை அடைந்தால், அங்கே காற்றுப் பட்டதும் இரும்புச் செந்தூளாகப் படிந்து குழாயையும் கரித் தொட்டியையும் அடைக்கும். நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நிலத்தடி நீர் வரும் பக்கத்தில் சர்க்கரை ஊற்றுவதென்றால் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

பாக்டீரியாவின் கணக்கு

6,000 லிட்டரில் மில்லிலிட்டருக்கு 10 கோடி என்றால் மொத்தம் 6 கோடி கோடி செல்கள். நொதிகலனில் மில்லிலிட்டருக்கு 1,000 கோடி அளவுக்கு அடர்த்தியாக்க முடிந்தால் 60 லிட்டர் குழம்பு. ஒரு சோதனைக் கிணற்றுக்கு இது சரி. முழுத் தளத்துக்கு விரித்தால் நொதிகலன் வாடகையே திட்டத்தைத் தீர்மானிக்கும்.

வளர்க்கும் முறையில் ஒரு கண்ணி இருக்கிறது. அம்மோனியம் தாராளமாக உள்ள ஊடகத்தில் வளர்த்தால் செல் கொழுகொழுவென்று வரும். எக்ஸ்பிஎல்ஏ நொதியோ உள்ளே இருக்காது. கடைசிக் கட்டத்தில் நைட்ரஜனைப் பட்டினி போட்டு, ஆர்.டி.எக்ஸையே நைட்ரஜனாகக் கொடுத்துப் பழக்க வேண்டும். அனுப்பும் முன் ஒரு புட்டிச் சோதனை: தளத்து நீர், தளத்து வெப்பநிலை, ஆர்.டி.எக்ஸ்., செல். ஆய்வக மேசையின் வெப்பத்தில் செய்து பார்த்துவிட்டுக் குளிர்ந்த நீர்த்தாங்கியில் அதே வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

இனி, வேகம். 300 மைக்ரோகிராமிலிருந்து 2.1க்கு இறங்க, மாறிலி 1.2 என்றால் 4.1 நாள், 0.7 என்றால் 7.1 நாள். நீர் நாளுக்கு 0.3 மீட்டர் நகரும் இடத்தில் 1.2 மீட்டர் அகலத்துக்குப் பாக்டீரியா ‘சுவர்’ போதும். நாளுக்கு 5 மீட்டர் ஓடினால் 20 மீட்டர் வேண்டும். அதுவும் செல் அடர்த்தி அப்படியே நீடித்தால். 10 கோடி 10 லட்சமாகக் குறைந்து, வேகமும் அதே விகிதத்தில் குறைந்தால் மாறிலி 0.012, அரை ஆயுட்காலம் 58 நாள். தொடக்க நாட்களின் எண்ணை வைத்து ஐந்தாண்டுத் திட்டம் போடுவது இங்கேதான் சறுக்குகிறது.

கியூபிசிஆர் எண்ணிக்கையையும் அப்படியே நம்ப முடியாது. செத்த செல்லின் மரபணுவும் எண்ணப்படும். உயிரோடிருக்கும் செல் பிளாஸ்மிடைத் தொலைத்திருந்தால் அது எண்ணப்படாது. மரபணு இருந்தும் நொதி உருவாகாமல் இருக்கலாம். பிற்பாடு நடந்த களச் செயல்விளக்கத்தில் இதற்காகவே எக்ஸ்பிஎல்ஏ, ஜென்பி ஆகிய புரதங்களையும் நேரடியாக அளந்தார்கள்.

அந்தச் செயல்விளக்கம் 2020இல் வெளியானது. கேடிஆர்9ஐயும் சூடோமோனாஸ் ஐ-சியையும் சேர்த்தே செலுத்தினார்கள். ஐ-சியின் ஜென்பி நொதி ஆக்சிஜன் குறைந்த இடத்தில் நன்றாக வேலை செய்யும். ஒரு மாதத்தில் செல்கள் 13 மீட்டர் தூரத்தை எட்டின. 6 மீட்டர் தூரத்தில் மரபணு எண்ணிக்கை செலுத்திய கிணற்றின் அளவை நெருங்கியது. இதைச் சரளையில் 3 நாளில் 23 மீட்டர் போன பழைய சோதனையோடு வைத்துச் சராசரி எடுக்கக் கூடாது. ஒவ்வொரு சோதனையின் ஓட்டமும் வேறு. பிறகு கட்டாய ஓட்டத்தை நிறுத்திவிட்டு, இயற்கை ஓட்டத்திலேயே செலுத்தி எடுக்கும் சோதனை செய்தபோது, கிணற்றுக்குக் கிணறு ஆக்சிஜன் நிலையும் வேறு, சிதைவு வேகமும் வேறு, இறுதிப் பொருட்களும் வேறு. சர்க்கரை முதலில் தொட்ட இடம் ஒருவிதம், தள்ளி இருக்கும் இடம் ஒருவிதம். ஆக, இரண்டு பாக்டீரியாவைச் சேர்த்து விட்டது ஆடம்பரம் அல்ல. ஒரே நீர்த்தாங்கிக்குள் இருக்கும் இரண்டு வகை இடங்களுக்கு இரண்டு ஆட்கள்.

எங்கே பொருந்தாது

டெக்சஸின் அமரில்லோ பக்கம் பான்டெக்ஸ் அணு ஆயுத ஆலையில் ஆர்.டி.எக்ஸோடு ஆறிணைதிறக் குரோமியமும் நிலத்தடி நீரில் உள்ளது. அங்கே ஆக்சிஜனைத் தீர்க்கும் முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள், அது சரியும்கூட: குரோமியத்தைக் குறைத்து வீழ்படிவாக்க அதே ஆக்சிஜனற்ற நிலை வேண்டும். அங்கே போய்க் கேடிஆர்9ஐ ஊற்றுவது ஒரு கல்லில் அடிக்க வேண்டிய இரண்டு மாங்காயில் ஒன்றை விட்டுவிடுவதாகும். ராக்கெட் எரிபொருளில் சேரும் பெர்குளோரேட் உப்பு கலந்திருக்கும் இடங்களுக்கும் இதே வாதம் பொருந்தும்.

இயற்கையாகவே ஆக்சிஜன் வற்றிய சதுப்பு நிலத்து நீர்த்தாங்கியிலும் பாக்டீரியா வாங்கி ஊற்றுவது வீண். அங்கே ஊர்ப் பாக்டீரியாவே ஆர்.டி.எக்ஸை உடைத்துக்கொண்டிருக்கும், முதலில் எம்என்எக்ஸ் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். களிமண் கலந்த நிலத்திலும் செல் நகராது.

கேடிஆர்9 தன் செலவை மீட்டுத் தரும் இடம் குறுகியது: ஆக்சிஜன் நிறைந்த, கரட்டு மணலும் சரளையும் உள்ள, செறிவு குறைந்தும் பரப்பு அகன்றும் இருக்கும், பக்கத்திலேயே இறைப்புக் கிணறு ஓடுகிற நீர்த்தாங்கி. உமட்டிலா அப்படிப்பட்டது. அங்கேயும் செலுத்துக் கிணறு அடைபடுகிறதா என்று வாரம் ஒருமுறை நீர்மட்ட உயர்வைக் குறித்து வைக்க வேண்டும். அதே பாய்ச்சலுக்கு மட்டம் ஏறிக்கொண்டே போனால் துளைகளில் சளிப்படலம் கட்டுகிறது என்று பொருள். சர்க்கரையை நிறுத்தி, வெறும் தளத்து நீரை வேகமாகத் தள்ளி, கிணற்றைத் துலக்கிவிட்டுத்தான் அடுத்த தவணை.